யமுனைக் கரைப் பள்ளங்களும் எடாவா நகரமும்

சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் வரும் நம்மவர், குவாலியரைத் தாண்டிய சிறிது நேரத்தில் ஒரு விசித்திரமான காட்சியைக் கண்டிருப்பர். அதுவரை சமதளமாக ஓடி வந்த வயல்வெளி திடீரென்று முறிந்துபோகும். மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையே வண்டி சம்பல் நதிப் பாலத்தை நெருங்கும்போது, இருபுறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் மண்மேடுகளும், அவற்றினிடையே செங்குத்தான பள்ளங்களுமாகவே பூமி தோன்றும். பாலத்தைக் கடந்து ஆக்ராவை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் மீண்டும் சமமாகிவிடும். இந்தப் பள்ளங்களை இந்தி பேசும் மக்கள் 'பீஹட்' என்பர். கொள்ளைக்காரர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்ற அளவில்தான் பத்திரிகைகள் வாயிலாக இவை நமக்கு அறிமுகம். 1960-இல் வினோபா பாவேயின் முன்னும், 1972-இல் ஜெயப்பிரகாசரின் முன்னும் அவர்கள் ஆயுதங்களை வைத்துச் சரணடைந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கதை வேறு. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது மண்ணின் கதை.

பள்ளங்கள் வயல்களை விழுங்குவதைப் பற்றிப் பேசுவோர் உண்டு. அவை ஊர்களையும் தொடுகின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆக்ரா, எடாவா, கால்பி, கோட்டா ஆகிய நகரங்கள் பள்ளங்களின் விளிம்பிலோ அவற்றின் நடுவிலோ அமைந்தவை. உத்தியோகம் காரணமாகவும் தொழில் காரணமாகவும் வடக்கே வந்து, கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு நகரத்தின் புறத்தே மனை வாங்கி வீடு கட்டிய தமிழர்கள் பலர். மலிவாகக் கிடைக்கும் மனை பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டியதாகவே இருக்கும். இரண்டு மழைக்காலம் கழிந்தபின், சுற்றுச்சுவருக்கு அப்பால் இருபதடி தூரத்தில் இருந்த விளிம்பு பத்தடியில் வந்து நின்றால் அதன் காரணம் என்ன? அதைத் தடுத்தவர்கள் யாரேனும் உண்டா? உண்டு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடாவா நகரத்தின் ஓரத்தில் அந்த முயற்சி நடந்தது. அதற்குமுன் பள்ளம் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நலம்.

யமுனையும் சம்பலும் பாயும் இந்தச் சமவெளி, ஆறுகள் கொண்டுவந்து படிவித்த வண்டலால் ஆனது. நம் ஊரில் கிணறு தோண்டினால் சில அடிகளில் பாறை தட்டும். இங்கே எவ்வளவு தோண்டினாலும் மண்தான். ஊடே சுக்கான்கல் உருண்டைகள் கிடைக்கும். காய்ந்திருக்கும்போது இந்த மண் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். நீர் பட்டால் சர்க்கரைபோல் கரையும். எடாவாவில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை பெறுவதில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் அதில் ஏறத்தாழ முழுவதும் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எட்டு மாத வெயிலில் புல் கருகி, மண் வெடித்து, கால்நடைகளின் குளம்பு பட்டுப் பொடியாகக் கிடக்கும் நிலத்தின் மீது முதல் மழை விழுகிறது.

நதியோ மேட்டுநிலத்துக்கு மிகக் கீழே ஓடுகிறது. மேட்டில் சேர்ந்த நீர் நதியை அடைய வேண்டுமானால் செங்குத்தாக விழுந்தாக வேண்டும். விழும் இடத்தில் மண் குடைந்து, மேற்பகுதி ஆதாரமின்றிச் சரிகிறது. சரிந்த இடத்திலிருந்து நீர் மறுபடியும் விழுகிறது. இப்படியாகப் பள்ளத்தின் தலை, நதியை விட்டு விலகி, மேட்டை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறது. பள்ளம் நதியிலிருந்து புறப்பட்டு ஊரைத் தேடி வருகிறது என்று கிராமத்தார் சொல்வது வெறும் கற்பனை அன்று. இதைத் தவிர மண்ணுக்குள் மறைவான வழியும் ஒன்று உண்டு. வெடிப்புகளில் இறங்கும் நீர் உள்ளேயே எலிவளை போன்ற குழாய்களைக் குடைந்துவிடும். மேலே நிலம் உறுதியாகவே தெரியும். ஒருநாள் அப்படியே உள்வாங்கும்.

இவற்றுக்கெல்லாம் மனிதனே காரணம் என்று கூறுவோரும் உளர். காடுகளை வெட்டியதன் தண்டனை என்பர். நமக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. நதிகள் தம் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்ட பண்டைக் காலத்திலேயே பள்ளங்கள் தொடங்கிவிட்டன. அவற்றின் வயது பல்லாயிரம் ஆண்டு என்று புவியியலார் கருதுகின்றனர். 1526-இல் இந்துஸ்தானத்தை வென்ற பாபர், இந்நாட்டு ஆறுகளின் கரைகளை மழைவெள்ளம் ஆழமான பள்ளங்களாக அறுத்திருப்பதையும், அவற்றைக் கடப்பது எங்கும் தொல்லையாக இருப்பதையும் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். மனிதன் செய்தது, உறங்கிக் கிடந்த பள்ளத்தை எழுப்பியதும் விரைந்து நடக்கச் செய்ததுமே ஆகும். அப்படி விரைந்து நடக்கச் செய்வதில் வயலைவிட நகரத்துக்கு ஆற்றல் அதிகம்.

வயலில் பெய்யும் மழையில் ஒரு பகுதியை மண் குடித்துவிடும். வரப்பு ஒரு பகுதியைத் தடுத்துவிடும். நகரத்தில் கூரை குடிப்பதில்லை; தளம் போட்ட முற்றமும் சாலையும் குடிப்பதில்லை. முன்பு பரவலாக மெல்லென வடிந்த நீர் முழுவதும் தெருவோரச் சாக்கடையில் திரண்டு, ஒரே வாயில் வழியாக, சில நிமிஷங்களுக்குள் வெளியே பாய்கிறது. சாக்கடை எங்கே முடிகிறது? நகரசபையின் கணக்கில் அது பள்ளத்தின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. நீரைப் பொறுத்தவரை அங்கேதான் ஆரம்பம். நன்றாகக் கட்டிய சாக்கடை, ஒரு புதிய பள்ளத்தின் தலையை நாமே தோண்டிக் கொடுத்ததற்குச் சமம். சாலையின் குறுக்கே கட்டும் சிறு பாலங்களும் அப்படியே. நாலாபுறமிருந்தும் வந்த நீரை ஒரு குழாயில் அடக்கி மறுபுறம் பீய்ச்சியடித்தால், அது விழும் இடத்தில் ஓராண்டில் ஆள் உயரக் குழி ஏற்படுவதில் வியப்பில்லை.

இனி எடாவாவுக்கு வருவோம். தில்லியிலிருந்து கான்பூர் செல்லும் ரயில் பாதையில், யமுனையின் வடகரை மேட்டில் அமைந்த ஜில்லாத் தலைநகரம் அது. நதிக்கும் நகரத்துக்கும் இடையே பள்ளங்களின் பின்னல். அவை ஊருக்குள்ளும் விரல் நீட்டியிருந்தமையால் பழைய நகரமும் புதிய நகரமும் பிளவுபட்டு, உயர்த்திப் போட்ட சாலைகளாலும் பாலங்களாலும் இணைக்கப்பட்டன. 1856 முதல் 1867 வரை இங்கே கலெக்டராக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்குக் காரணராயிருந்த அதே ஹியூம்தான். அவர் பெயரால் 'ஹியூம்கஞ்ச்' என்ற கடைவீதிச் சதுக்கம் எழுந்தது. ஊர் வளர்ந்தது, விறகுக்கும் தீவனத்துக்கும் தேவை வளர்ந்தது. இரண்டும் பள்ளங்களிலிருந்தே வந்தன. மிச்சமிருந்த முட்செடிகளை வெட்டினர்; ஆடுமாடுகளை அங்கேயே ஓட்டினர்.

1880-களில் எடாவாவின் கலெக்டராயிருந்தவர் ஃபிஷர் என்பவர். நகரத்தை ஒட்டிய பள்ளநிலங்கள் அரசாங்கத்துக்குச் சொந்தமானவை அல்ல, ஜமீன்தார்களுடையவை. பயிருக்கு உதவாத அந்த நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, மேய்ச்சலுக்கு மூடி, மரம் வளர்க்க இசையுமாறு அவர் ஜமீன்தார்களை வற்புறுத்தினார். 1884-ஐ ஒட்டி வேலை தொடங்கிற்று. ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் கருவேலம், சீசம், வேம்பு ஆகியவற்றின் விதைகள் ஊன்றப்பட்டன. அரசாங்கம் அன்று விரும்பியது நகரத்துக்கு விறகும், பஞ்சகாலத்தில் மாடுகளுக்குப் புல்லும். மண்ணைக் காப்பது அதனோடு சேர்ந்து வந்த பயன். இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்டு 1893-இல் அறிக்கை வெளியிட்ட வோல்க்கர், இத்தகைய விறகு, தீவனக் காடுகளை நாடெங்கும் அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். விறகு கிடைத்தால் சாணம் அடுப்புக்குப் போகாமல் வயலுக்குப் போகும் என்பது அவர் வாதம்.

எடாவாவில் வேலை செய்தது மரமா, மூடியதா என்பது சிந்திக்கத்தக்க கேள்வி. கருவேலம் வேரூன்றி நிழல் தரப் பல ஆண்டு ஆகும். ஆனால் கால்நடைகளின் வாயும் குளம்பும் விலகிய நிலத்தில் இரண்டு மூன்று மழைக்காலங்களிலேயே புல் மண்டிவிடும். மழைத்துளி நேரே மண்ணை அடிப்பதைத் தடுப்பது புல். ஓடும் நீரின் வேகத்தைக் குறைப்பதும் புல். மரம் நட்டதை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. புல்லை விட்டுவைத்ததற்குப் பெயரில்லை. உபநயனத்தில் அரைஞாணாகக் கட்டுவதற்காக மட்டும் நம்மவர் தேடும் முஞ்சைப் புல், இந்தப் பள்ளச் சரிவுகளில் தானே அடர்ந்து வளர்ந்து மண்ணைப் பிடித்து நிற்பதைக் காணலாம்.

காடு வளர்ந்தபின் அதற்கு ஒரு புதிய கிராக்கி பிறந்தது. கான்பூரில் ராணுவத்துக்குச் செருப்பும் சேணமும் செய்த தோல் ஆலைகளுக்குக் கருவேலம் பட்டை ஏராளமாகத் தேவைப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டை எப்படியோ, கான்பூருக்குக் கருவேலம் பட்டை அப்படி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடாவாக் காடு கூப்பர் ஆலன் என்னும் கான்பூர்க் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போயிற்று. பின்னர் வனத்துறை பொறுப்பேற்று, பள்ளநிலங்களில் காடு வளர்ப்பதை ஒரு முறையான சாஸ்திரமாகவே ஆராய்ந்தது. வனத்துறையைச் சேர்ந்த ஸ்மைதீஸ் 1920-இல் எடாவா அனுபவத்தைத் தனி நூலாக எழுதினார்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஃபிஷர் பேசி இசைவு பெற்றது நிலத்துக்குப் பத்திரம் வைத்திருந்தவர்களிடம். அந்த நிலத்தில் நாள்தோறும் ஆடு மேய்த்தவனிடம் பத்திரம் ஏது? மேய்ச்சலை மூடியதன் பாரம் அவன் தலையில் விழுந்தது. நகரம் காப்பாற்றப்பட்டது, அதன் செலவை நகரத்தார் கொடுக்கவில்லை. காடுகளின் வேலியை இரவில் பிரிப்பவர்களைப் பற்றி வடநாட்டில் வன அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாகக் குறைகூறி வந்திருக்கின்றனர். பிரிப்பவனுக்கு அந்தக் காட்டில் என்ன பங்கு என்ற கேள்வியை அதிகமாக யாரும் கேட்கவில்லை. அக்கேள்விக்கு விடை வர மேலும் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அதை அடுத்துக் காண்போம்.

சுதந்திரத்துக்குப் பின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இப்பிரச்சினை தேசத்தின் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1953-இல் மத்திய மண் பாதுகாப்பு வாரியம் அமைந்தது. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் டேராடூன், சண்டீகர், பெல்லாரி, நமது உதகமண்டலம் ஆகிய இடங்களில் ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. பள்ளநிலங்களுக்கென்றே சம்பல் கரையில் கோட்டாவிலும், மஹி நதிக்கரையில் வாசத்திலும் நிலையங்கள் ஏற்பட்டன. அகமதாபாதிலிருந்து பரோடா செல்லும் நம்மவர், மஹிப் பாலத்துக்கு முன் வரும் சிறிய வாசத் ஸ்டேஷனைப் பார்த்திருப்பர். அங்கே பள்ளத்தின் பெயர் 'கோத்தர்'. பள்ளங்கள் எவ்வளவு பரவியவை என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1976-இல் வெளிவந்த தேசிய விவசாயக் கமிஷன் அறிக்கையின்படி நாடெங்கும் 36 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இந்நிலைக்கு ஆளாகியிருந்தது. அதில் பெரும்பங்கு உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், குஜராத் ஆகிய நான்கு ராஜ்யங்களில்.

அந்த நிலையங்கள் கண்டறிந்தவற்றின் சாரம் இதுதான்: பள்ளத்தின் வாயில் நின்று போராடாதே, தலைக்கு மேலே போ. விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, மேட்டில் நீண்ட மண்கரை ஒன்றைப் போட்டு, நீர் கண்ட கண்ட இடத்தில் விளிம்பைத் தாண்டாதபடி செய்யவேண்டும். கரையோரமாகப் புல் வளர்த்த வாய்க்காலில் அந்நீரை மெல்ல நடத்தி, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, கல்லோ செங்கல்லோ கொண்டு கட்டிய படி வழியாகக் கீழே இறக்கவேண்டும். மூன்று மீட்டருக்கு உட்பட்ட ஆழமுள்ள சிறு பள்ளங்களைச் சமன் செய்து வரப்பிட்டுப் பயிரிடலாம். ஒன்பது மீட்டருக்கு மேற்பட்டவற்றை உழவன் மறந்துவிட வேண்டியதுதான். அவை காட்டுக்கும் புல்லுக்கும் உரியவை. பள்ளத்தின் அடியில் மூங்கில் நட்டால் அது வண்டலைப் பிடித்து நிறுத்துவதோடு வருமானமும் தரும் என்பது வாசத் நிலையத்தின் அனுபவம்.

கட்டிய படி வழியாக நீரை இறக்குவது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் ஏரி நிரம்பினால் மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலிங்கு கட்டியிருப்பதை எல்லோரும் அறிவோம். நீர் விழும் இடத்தில் கல் பாவி, விழும் வேகத்தைக் கல்லே தாங்கும்படி செய்தனர் நம் முன்னோர். எடாவாவிலும் கோட்டாவிலும் நகரச் சாக்கடையின் கடைசியில் தேவைப்படுவது அத்தகைய ஒரு கலிங்குதான். சாக்கடை போடும் ஒப்பந்தத்தில் அந்தக் கடைசி முப்பதடியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தவறான வைத்தியங்களும் நடந்தன. 1980-களில் மத்தியப்பிரதேசத்தின் சம்பல் பள்ளங்களில் விமானத்திலிருந்து சீமைக் கருவேலம் விதைகளைத் தூவினர். பச்சை படர்ந்தது உண்மை. ஆனால் வேறு எதையும் வளரவிடாத அந்த முள்மரத்தின் குணத்தை ராமநாதபுரத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, இயந்திரங்களைக் கொண்டு மேடுகளை வெட்டிப் பள்ளத்தில் தள்ளி நிலத்தைச் சமன் செய்வது. தள்ளிய மண் இறுகாத மண். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. வடிகாலுக்கு வழி செய்யாமல் சமன் செய்த வயல்கள் சில ஆண்டுகளில் மறுபடி பிளக்கின்றன. நகரங்களில் இதே காரியத்தைக் குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொண்டு செய்து, அதன்மேல் மனை பிரித்து விற்கிறார்கள். மேலே தளம் வழவழப்பாக இருக்கும். அடியில் நாம் முன்பு கூறிய எலிவளைக் குழாய்கள் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆடு மேய்ப்பவனின் கேள்விக்கு விடை வந்தது யமுனைக் கரையில் அன்று, சண்டீகரில். அது வண்டல் சமவெளிப் பள்ளம் அன்று, சிவாலிக் குன்றுகளின் அடிவாரம். எனினும் நகரத்துக்கும் நீரரிப்புக்கும் உள்ள வழக்கு ஒன்றே. புதிய தலைநகருக்கு அழகு சேர்க்க 1958-இல் சுக்னா ஏரியை அமைத்தனர். இருபது ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டல் மூடிவிட்டது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று மண் பாதுகாப்பு நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா மேலே தேடிச் சென்றார். சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தார். ஆடுகள் மொட்டையடித்த குன்றுகள். வீட்டு வாசல் வரை வந்துவிட்ட பள்ளங்கள். ஆடுகளை ஓட்டாதீர்கள் என்றால், எங்களுக்கு என்ன வழி என்றனர் ஊரார். 1976 முதல் அங்கே சிறு மண் அணைகள் கட்டப்பட்டன. அணையின் நீர் வயலுக்குப் பாய்ந்தது. நிலமுள்ளவனுக்கு மட்டும் நீர் என்றால் நிலமற்றவன் ஏன் ஆட்டைக் கட்டிப்போடுவான்? ஆகவே நிலமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமமான பங்கு என்று ஊர்ச் சங்கம் முடிவு செய்தது. பங்கு வேண்டாதவர் அதை மற்றவருக்கு விற்கலாம். குன்றுகளின் புல்லையும் வனத்துறை சங்கத்துக்கே குத்தகைக்கு விட்டது. ஆடுகள் குறைந்தன, எருமைகள் கொட்டிலில் கட்டி வளர்க்கப்பட்டன. முள்வேலி போடாமலே குன்று பச்சைபிடித்தது. அந்த ஓடை வழியாக ஏரிக்கு வந்த வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

எடாவாவில் ஃபிஷர் வளர்த்த காடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதில் சுமார் 350 ஹெக்டேர் பரப்பில் சிங்கங்களை வளர்க்கும் சஃபாரிப் பூங்கா ஒன்றை உத்தரப்பிரதேச அரசு அமைத்து, 2019-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு காலத்தில் ஆட்டையே விரட்ட வேண்டியிருந்த பள்ளங்களில் இன்று சிங்கம் நடக்கிறது. லக்னோவுக்கும் ஆக்ராவுக்கும் இடையே பிரயாணம் செய்யும் நம்மவர் ஒரு பொழுது இறங்கிப் பார்க்கலாம். சிங்கத்தைப் பார்த்தபின், வேலிக்கு உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது நமது யோசனை.

பள்ளத்தோரம் ஏற்கெனவே வீடு கட்டிவிட்டவர்களுக்கு இரண்டொரு செய்தி சொல்லலாம். முதல் மழைக்கு முன், வைகாசி மாதத்திலேயே, வீட்டுக் கூரைநீரும் குளியலறை நீரும் எங்கே போய் விழுகின்றன என்று நடந்து பார்க்கவேண்டும். விளிம்பை நோக்கிப் போகும் குழாயை முதலில் மறுபுறம் திருப்பவேண்டும். விளிம்புக்கு இணையாக மண்ணில் வெடிப்பு ஓடியிருந்தால் அதைக் களிமண் இட்டுக் கெட்டித்து, அதனுள் நீர் இறங்காதபடி செய்வது அவசரமான வேலை. விளிம்பின் மேல் பெரிய மரம் வேண்டாம். அதன் பாரமே மண்ணைச் சரிக்கும். புல் போதும், ஆடு வராமல் இருந்தால். தனி வீட்டுக்காரர் ஒருவர் தம் சுவரோரம் மட்டும் கல் அடுக்கினால் நீர் அடுத்த வீட்டுப் பக்கம் விழும். ஆகையால் தெருவில் உள்ள எல்லோரும் சேர்ந்து, தெருநீர் முழுவதற்கும் ஒரே ஒரு கலிங்கு கட்டிக்கொள்ள நகரசபையிடம் விண்ணப்பம் எழுதவேண்டும். விண்ணப்பத்தை மழைக்காலம் முடிந்த கையோடு, ஐப்பசியில் கொடுப்பது உத்தமம். பள்ளம் அப்போது புதிதாக இருக்கும். அதிகாரியைக் கூட்டிவந்து காட்டலாம்.